மாட்டுக்குத் தீவனம் போடும் முன்னால்... அதன் வயிற்றைக் கொஞ்சம் கவனிங்க!

மாட்டுப் பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலை அள்ளி வைப்போம். மாடும் ஆசையாகத் தின்னும். 'இன்னும் ரெண்டு கரண்டி வைப்பா, வருஷத்துக்கு ஒருநாள்தானே!' என்பார் வீட்டுப் பெரியவர். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வரும். மறுநாள் காலையில் பால் கறக்க உட்கார்ந்தால், செம்பு பாதிகூட நிரம்பாது. மாடு அசைபோடாது. சாணி தண்ணீராகப் போகும், புளிச்ச வாடை அடிக்கும். சில மாடுகள் எழுந்து நிற்கவே முடியாமல் படுத்துவிடும். சிகிச்சை தாமதமானால் உயிரே போய்விடும்.

பொங்கலுக்கு மட்டும்தான் இப்படி என்றில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, கோயில் அன்னதானத்தில் மீந்த சாதம், ஈரமாகிப்போன ரேஷன் அரிசி, கயிறு அவிழ்ந்த மாடு திண்ணையில் இருந்த நெல் மூட்டையில் வாய் வைத்தது... எல்லாம் ஒரே கதைதான்.

ரெண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் ஒரு மாடு போய்விட்டால் பாதி வருமானம் போன மாதிரி. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், மளிகைக்கடை பாக்கி, மகளிர் குழுத் தவணை எல்லாம் அந்தப் பால் காசை நம்பித்தான் ஓடுகின்றன. பாசமாக வைத்த சோறு எப்படி விஷமாகிறது? இதற்கான பதில் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எந்தத் தீவனம், எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளுக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

வயிற்றுக்குள் ஒரு பெரிய ஊறல் தொட்டி

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதலாவதுதான் ரொம்பப் பெரியது. 'ரூமன்' என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். நன்கு வளர்ந்த கலப்பின மாட்டுக்கு இந்த அறை ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளும். உடம்பின் இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய ஊறல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொட்டிக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்னும் வைக்கோலையும் புல்லையும் உடைத்து நொதிக்க வைப்பது அவைதான். நம் வயிற்றில் வைக்கோல் செரிக்காது. மாட்டுக்கும் தானாகச் செரிக்காது. நுண்ணுயிர்கள் நாரைத் தின்று அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அந்த அமிலங்கள்தான் மாட்டுக்குச் சக்தி. நார்ச்சத்தில் இருந்து வரும் ஓர் அமிலம் பாலில் கொழுப்பாகிறது. தானியத்தில் இருந்து அதிகம் வரும் இன்னோர் அமிலம் பாலின் அளவுக்கு உதவுகிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரிமானமாகி, மாட்டுக்குப் புரதமாகவும் மாறுகின்றன.

ஆக, நாம் தீவனம் போடுவது மாட்டுக்கு மட்டும் இல்லை. முதலில் இந்த நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம். அவை நன்றாக இருந்தால் மாடு நன்றாக இருக்கும், பாலும் நன்றாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சோறு ஏன் ஆகாது?

ரூமனுக்குள் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும் என்றால், அது புளித்துப்போகாமல் காப்பது எது? மாட்டின் எச்சில்! ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரை எச்சில் சுரக்கும். அதில் சமையல் சோடாவில் இருக்கும் அதே வகை உப்பு இருக்கிறது. அமிலத்தை அதுதான் சமன் செய்கிறது. எச்சில் எப்போது நிறைய ஊறும்? மாடு மெல்லும்போதும், படுத்து அசைபோடும்போதும். மாட்டை மெல்ல வைப்பது எது? நீளமான நார் உள்ள வைக்கோல், தட்டை, புல்.

சோற்றில் நார் இல்லை. மாடு அதை மெல்லாமல் அப்படியே விழுங்கிவிடும். எச்சிலும் ஊறாது. வெந்த மாவுச்சத்து என்பதால் ரூமனுக்குள் போனதும் வேகமாக நொதிக்கும். லாக்டிக் அமிலம் பெருகி, தொட்டி முழுக்கப் புளித்துவிடும். நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும். ரூமன் அசைவதை நிறுத்திவிடும். உடம்பின் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். கண் உள்ளே போகும், மாடு தள்ளாடும், படுத்துவிடும். அமில நோய் என்று சொல்வது இதைத்தான்.

மாடு நிறைய சோறோ தானியமோ தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மிச்சத் தீவனத்தை எடுத்துவிட்டு, வைக்கோல் மட்டும் முன்னால் போடுங்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வாகனத்தின் உதவி கிடைக்கும். படுத்துக்கிடக்கும் மாட்டின் வாயைத் திறந்து கஷாயமோ எண்ணெயோ ஊற்றுவது ரொம்ப ஆபத்து. நுரையீரலுக்குள் போய்விட்டால் மாட்டைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பண்டிகைக்கு ஒரு கைப்பிடி பொங்கல் ஊட்டிவிடுவதில் தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரையோ, நல்ல பசும்புல்லோ கூடுதலாகப் போடுங்கள். மாட்டுக்கு அதுதான் உண்மையான விருந்து.

இன்னொரு விஷயம். தினமும் தானியமும் தீவன மூட்டையும் அதிகம், நார் குறைவு என்று போட்டால், இதே அமிலப் பிரச்னை மெதுவாக வரும். மாடு சாகாது. ஆனால், பாலில் கொழுப்பு குறையும், குளம்பு புண்ணாகும், தீனி தின்பதில் ஒருநாள் ஆர்வம் இருக்கும், மறுநாள் இருக்காது. 'தீவனத்தைக் கூட்டிட்டேன், ஆனா சொசைட்டியில ஃபேட் குறைஞ்சு வருதே' என்று குழம்புகிறவர்கள், முதலில் பார்க்க வேண்டியது வைக்கோலும் தட்டையும் போதுமான அளவு இருக்கிறதா என்பதைத்தான்.

சரி, ஒரு மாட்டுக்கு எவ்வளவு?

கணக்குப் போட, முதலில் மாட்டின் எடை தெரிய வேண்டும். எடை மேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள்பட்டை முனையில் இருந்து பின்பக்கம் வாலுக்குக் கீழே துருத்தும் எலும்பு வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ரெண்டுமே அங்குலத்தில். சுற்றளவை சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் மாட்டின் எடை ஏறக்குறைய கிலோவில் வந்துவிடும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால், மாடு 396 கிலோ. 400 என்று வைத்துக்கொள்ளலாம்.

கறவை மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 2.5 முதல் 3 சதவிகிதம் வரை உலர்ந்த பொருளாகத் தின்ன வேண்டும். 400 கிலோ மாட்டுக்கு 10 முதல் 12 கிலோ. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ புல் போட்டால் உலர்ந்த பொருள் 4 கிலோதான். வைக்கோலிலும் கலப்புத் தீவனத்திலும் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் 400 கிலோ ஜெர்சி கலப்பின மாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் அல்லது சோளத்தட்டை மூன்றரை கிலோ, அடர்தீவனம் ஐந்தரை கிலோ. இதில் மொத்த உலர்ந்த பொருள் 12 கிலோ வந்துவிடும். அடர்தீவனக் கணக்கு எப்படி வந்தது? உடம்பைப் பராமரிக்க ஒன்றரை கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 10 லிட்டருக்கு 4 கிலோ. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால், அதற்கு 2 லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது சட்டம் இல்லை, ஆரம்பப் புள்ளி. இரண்டு வாரம் இதைப் போட்டுப் பாருங்கள். மாடு இளைக்கிறதா, தேறுகிறதா, பால் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மொத்த உலர்ந்த பொருளில் பாதிக்கு மேல் புல், வைக்கோல், தட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

பசுந்தீவனத்தில் ரெண்டு வகை வேண்டும்

'பச்சைப்புல் நிறைய போடுறேன், ஆனாலும் பால் ஏறலையே' என்பவர்கள் வெறும் புல் வகையை மட்டும் போட்டுக்கொண்டிருப்பார்கள். கம்பு நேப்பியர் வீரிய ஒட்டுப்புல் (கோ-4, கோ-5), தீவனச் சோளம், தீவன மக்காச்சோளம் எல்லாம் புல் வகை. இவற்றில் சக்தி உண்டு, புரதம் குறைவு. வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு எல்லாம் பயறு வகை. இவற்றில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். மூன்று பங்கு பசுந்தீவனத்தில் ரெண்டு பங்கு புல், ஒரு பங்கு பயறு வகை என்று கலந்து போட்டால் நுண்ணுயிர்களுக்குச் சக்தியும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும். 7, 8 கிலோ பயறு வகைத் தீவனம், ஒரு கிலோ அடர்தீவனத்தில் கிடைக்கும் புரதத்தைத் தந்துவிடும். மூட்டை விலை ஏறும் காலத்தில் இது பெரிய சேமிப்பு.

இடம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கிணற்றடியில், வாய்க்கால் ஓரத்தில் 10 சென்ட் இருந்தாலே வீரிய ஒட்டுப்புல் போடலாம். நட்டு 75 முதல் 80 நாள்களில் முதல் அறுப்பு, அதன் பிறகு 45 நாள்களுக்கு ஒரு அறுப்பு. வேலியோரத்தில் அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா, கல்யாண முருங்கை வைத்துவிட்டால் கோடையிலும் தழை கிடைக்கும். சூபாபுல் தழையை மட்டும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழை குறைந்த பகுதிகளில் பெரியவர்கள் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவில் நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரம். மானாவாரி நிலத்தில் மாட்டுக்கு மேய்ச்சல், நிழல், வேலி மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது.

பசுந்தீவனத்தை ஒன்றிரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் தண்டு வீணாகாது. மாவு மாதிரி பொடியாக நறுக்கிவிடாதீர்கள். பிறகு மாடு மெல்லாது, எச்சிலும் ஊறாது.

அடர்தீவனம்: கரைக்காதீங்க, பிசறுங்க

வீட்டிலேயே அடர்தீவனம் கலக்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. 100 கிலோவுக்கு, உடைத்த மக்காச்சோளம், கம்பு, சோளம் போன்ற தானியம் 35 கிலோ. பிண்ணாக்கு 30 கிலோ (கடலைப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் பாதிப் பாதி). தவிடு 32 கிலோ (கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு எது கிடைக்கிறதோ அது). தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதா உப்பு ஒரு கிலோ. தானியத்தை ரவை பதத்துக்கு உடைத்தால் போதும். முழுசாகப் போட்டால் அப்படியே சாணியில் வந்துவிடும். மாவாக அரைத்தால் வயிற்றில் வேகமாகப் புளிக்கும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பிண்ணாக்கை ராத்திரியே ஊறப்போட்டு, தவிட்டோடு கழனித்தண்ணியில் கரைத்து, தொட்டி நிறைய மாட்டுக்குக் காட்டுவோம். மாடும் உறிஞ்சிக் குடித்துவிடும். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால், மெல்லாமல் உறிஞ்சும் தீவனத்துக்கு எச்சில் ஊறாது. ராத்திரி முழுக்க ஊறியதால் புளிப்பும் ஏறியிருக்கும். அதைவிட, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, புட்டு மாவு பதத்தில் பிசறி வைத்தால் மாடு மென்று தின்னும். தண்ணீரைத் தனியாக வையுங்கள். பழகிய மாடு முதல் ரெண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பழகிவிடும்.

காலையில் எழுந்ததும் காலி வயிற்றில் அடர்தீவனத்தை வைக்காதீர்கள். முதலில் ரெண்டு பிடி வைக்கோலோ தட்டையோ போடுங்கள். மாடு மெல்ல ஆரம்பிக்கட்டும், பிறகு அடர்தீவனம். ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். ஐந்தரை கிலோ தேவையென்றால் மூன்று வேளையாகப் பிரியுங்கள். தினமும் அதே நேரத்துக்குப் போடுங்கள்.

தீவனத்தைத் திடீரென மாற்றுவதும் தப்பு. வேறு கம்பெனி மூட்டை வாங்கினாலும், வைக்கோலில் இருந்து பச்சைக்கு மாறினாலும், பழையதில் கொஞ்சம் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கூட்டி, 10 முதல் 14 நாள்களில் முழுசாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் புதுச் சாப்பாட்டுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் 'மாட்டுக்குத்தானே' என்று போட்டுவிடாதீர்கள். கடலைப் பிண்ணாக்கு, மக்காச்சோளம் இரண்டிலும் பூஞ்சணம் மூலம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு, அது பாலிலும் வந்துவிடும். அந்தப் பாலைத்தான் நம் வீட்டுக் குழந்தையும் குடிக்கிறது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல், பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள்.

தண்ணீரும் தீவனம்தான்

பாலில் 87 சதவிகிதம் தண்ணீர். 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 80 லிட்டர் அளவுக்காவது தண்ணீர் வேண்டும். கோடையில் அதற்கும் மேல். ரெண்டு வேளை வாளியில் காட்டினால் இது எட்டாது. மாடு நினைத்தபோது குடிக்க, நிழலில் ஒரு தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கட்டும். செலவே இல்லாமல் பால் கூட வழி கேட்டால், முதல் பதில் இதுதான். தொட்டியை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசுங்கள். நீங்கள் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மாடும் அளவாகத்தான் குடிக்கும்.

அடுத்தது தாது உப்பு. வைக்கோலிலும் வீரிய ஒட்டுப்புல்லிலும் இருக்கும் ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலில் தினமும் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதை ஈடுகட்டாவிட்டால் மாடு சுவரை நக்கும், துணியை, செருப்பை மெல்லும், பருவத்துக்கு வராது, ஊசி போட்டாலும் சினை நிற்காது. நாளைக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை போதும். வீட்டில் கலக்கும் அடர்தீவனத்தில் மேலே சொன்ன 2 கிலோவைச் சேர்த்திருந்தால் தனியாகத் தேவையில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தாது உப்புக் கலவையும் கிடைக்கிறது. அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையில் விசாரித்தால் சொல்வார்கள்.

கன்று போடும் முன்னும் பின்னும்

கறவை மாட்டை வாங்கும்போது 'எத்தனை லிட்டர்?' என்றுதான் முதலில் கேட்போம். அதைத் தீர்மானிப்பதில் கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த 60 நாள் பாலை வற்றவிட்டு மாட்டுக்கு ஓய்வு கொடுங்கள். மடி புதுப்பித்துக்கொள்ளும், வயிற்றுக் கன்றும் வேகமாக வளரும். 'பால் இல்லையே' என்று வெறும் வைக்கோலில் விட்டுவிடாதீர்கள். ஏழாம் மாதச் சினையில் இருந்து ஒன்று, ஒன்றரை கிலோ அடர்தீவனம் கூடுதலாகக் கொடுங்கள். கன்று போட்ட பிறகு தின்னப்போகும் தீவனத்துக்கு ரூமனும் அதற்குள் பழகிவிடும். அதற்காகக் கொழுக்கவும் விட்டுவிடக் கூடாது. அளவுக்கு மீறிக் கொழுத்த மாடு, கன்று போட்டதும் தீனி எடுக்காமல் தடுமாறும்.

கன்று போட்ட முதல் மூன்று நாள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். நல்ல கறவை மாட்டுக்கு, அதுவும் மூன்றாவது ஈற்றுக்கு மேல், பால் காய்ச்சல் வரலாம். சீம்பாலில் சுண்ணாம்புச் சத்து மொத்தமாக இறங்கிவிடுவதால், ரத்தத்தில் திடீரென அது குறையும். மாடு தள்ளாடும், காது சில்லென்று இருக்கும், பிறகு கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்துப் படுத்துவிடும். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. கால்நடை மருத்துவர் வந்து ரத்தக்குழாயில் கால்சியம் ஏற்றினால், பெரும்பாலான மாடுகள் சீக்கிரமே எழுந்துவிடும். 'காலையில பார்த்துக்கலாம்' என்று விட்டால் மாட்டை இழக்க நேரிடும். இதைத் தவிர்க்க நினைத்து, சினைக்காலத்தின் கடைசியில் நீங்களாகவே கால்சியம் டானிக்கை அதிகமாக ஊற்றாதீர்கள். எலும்பில் இருந்து சுண்ணாம்பை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும். பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

கன்றுக்கு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். 'நஞ்சு விழட்டும்' என்று காத்திருக்கத் தேவையில்லை. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு, அன்றைக்கே பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். நாளைய கறவை மாட்டின் ஆரோக்கியம் அங்கேதான் தொடங்குகிறது.

கோடைக்கு இப்போதே சேமிங்க

மழைக்காலத்தில் புல் மிஞ்சும். சித்திரையில் ஒரு கட்டுக்கு அலைவோம். மிஞ்சும் தீவன மக்காச்சோளம், சோளத்தைப் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, நறுக்கி, குழியிலோ தடித்த பிளாஸ்டிக் பையிலோ காற்றுப் புகாமல் மிதித்து அடைத்துவிட்டால், 30 முதல் 45 நாள்களில் ஊறுகாய்ப்புல் தயார். நம் வீட்டு ஊறுகாய் மாதிரிதான், காற்றுப் பட்டால் கெட்டுவிடும்.

வைக்கோல் மட்டும்தான் இருக்கிறது என்றால், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, அடுக்கடுக்காகச் சீராகத் தெளித்து, மிதித்து, தார்பாயால் இறுக்கி மூடுங்கள். 21 நாள் கழித்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போடலாம். வைக்கோல் மென்மையாகும், புரதமும் கூடும். அளவைக் கூட்டினால் யூரியா நஞ்சாகிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது வேண்டாம். யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

பச்சையிலும் விஷம் உண்டு

பூக்காத இளஞ்சோளம், அதிலும் மழையில்லாமல் வாடிய பயிர், அறுத்த பிறகு துளிர்த்த குருத்து... இவற்றில் சயனைடு நஞ்சு இருக்கும். வயிறார மேய்ந்த மாடு சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி விழுந்துவிடும். சோளத்தைப் பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள். மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் இதே நஞ்சு இருப்பதால், பச்சையாகப் போட வேண்டாம். பனி ஈரத்தோடு இளம் பயறு வகைத் தீவனத்தை அதிகம் தின்றால் வயிறு உப்பிவிடும். ஒரு மணி நேரம் வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து போடுங்கள். காய்கறிக் கழிவைப் பிளாஸ்டிக் பையோடு வைக்கும் அக்கம்பக்கத்தினரிடமும் சொல்லி வையுங்கள். ரூமனுக்குள் போன பிளாஸ்டிக் செரிக்காது, வெளியேயும் வராது. கம்பி, ஆணி போனால் இதயம் வரை குத்திவிடும்.

மாடே சொல்லும், கேளுங்க

இவ்வளவையும் செய்கிறோம், சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாடே சொல்லும். தினமும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

முதலில், அசை. தீவனம் தின்று ஓய்வாகப் படுத்திருக்கும் மாடு அசைபோட வேண்டும். ஒரு கவளத்தை எத்தனை தடவை மெல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 50, 60 தடவை மென்றால் நல்லது. 30, 40-லேயே விழுங்கிவிட்டால் நார் பத்தவில்லை. நாலைந்து மாடுகள் இருந்தால், படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் எப்போதும் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, இடது வயிறு. கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தி வையுங்கள். உள்ளே ரூமன் புரண்டு கையைத் தள்ளுவது தெரியும். ரெண்டு நிமிஷத்தில் ரெண்டு, மூன்று தடவை தள்ளினால் நல்லது. அசைவே தெரியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவது, சாணி. வட்டமாக, நடுவில் லேசான குழியோடு நின்றால் சரி. உருண்டையாக இறுகியிருந்தால் தண்ணீரோ புரதமோ குறைவு. குமிழி விட்டுத் தண்ணீராகப் போனால் அடர்தீவனம் அதிகமோ என்று பாருங்கள். உடையாத தானியம் தெரிந்தால் உங்கள் காசு சாணியில் போகிறது என்று அர்த்தம்.

நாளைக்குக் காலையில் தீவன வாளியைத் தூக்கும் முன்னால், ரெண்டு பிடி வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு, மாட்டின் இடது பக்கம் ஒரு நிமிஷம் கையை வைத்து நில்லுங்கள். உள்ளே அந்தத் தொட்டி புரளுவது கைக்குத் தெரிந்தால் போதும். பிறகு நிம்மதியாகச் செம்பை எடுத்துக்கொண்டு கறக்க உட்காரலாம்.